பைதனை ஒருக்காவாவது மூலநிரலில் இருந்து கட்டிப் பார்ப்போம்

சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத்தில் பைதன். தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடம் எடுத்த எங்களில் அனேகமாக எல்லாரும் இந்த இரண்டு மொழிகளையும் தொட்டிருப்போம். ஆனால் அந்த மொழி எங்கட கணனிக்குள்ள எப்படி வந்தது எண்டு கேட்டால் எல்லாரிட்டயும் ஒரே பதில்தான். ஆரோ பென் ட்ரைவில் கொண்டு வந்தார்கள், இன்ஸ்டோலரை இரண்டு தரம் தட்டினோம், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அதுக்குப் பிறகு அது எங்கிருந்து வந்தது, ஆர் எழுதினது, உள்ளுக்குள்ள என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. பாடத்திட்டமும் கேட்கிறதில்லை.

நாங்கள் சொல்ல வருவது சின்ன விசயம். நிரல்மொழி படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அந்த மொழியை அதன் மூலநிரலில் இருந்து தன் கையால் கட்டி நிறுவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேண்டாம். ஒருக்காப் போதும். அந்த ஒரு நாள், மொழியைப் பாவிக்கிற ஆளாக இருந்த உங்களை அதைத் திறந்து பார்க்கிற, தேவையென்றால் மாற்றுகிற ஆளாக ஆக்கும். தமிழில் படிக்கிற எங்களுக்கு இந்த வித்தியாசம் மற்றவர்களை விடக் கூடத் தேவை. ஏன் எண்டு கீழே சொல்கிறோம்.

முதலில் விசயத்தை விளங்கிக்கொள்வோம். பைதன் எண்டதும் ஒரு மென்பொருள்தான். மனிசர் எழுதினது. அதன் கருப்பகுதி சி மொழியில் இருக்கு. கூட வருகிற நூலகங்களில் பெரும்பகுதி பைதனிலேயே எழுதப்பட்டிருக்கு. இந்த எழுத்து முழுவதையும் ஒரு சுருக்கிய கோப்பாகப் பைதனின் தளத்தில் வைத்திருக்கிறார்கள், அளவு சுமார் 20 எம்பி. வட்ஸ்அப்பில் வருகிற ஒரு கலியாண வீடியோ இதைவிடப் பெரிசு. இன்ஸ்டோலர் எண்டது இந்த எழுத்தை வேற ஆரோ தங்கட கணனியில் இயந்திர மொழிக்கு மாற்றி, பொதி செய்து தந்தது. மூலநிரலில் இருந்து நிறுவுவது எண்டால் அந்த மாற்றுகிற வேலையை உங்கட கணனியிலேயே நீங்களே செய்விப்பது. அவ்வளவுதான்.

இது பழைய வழக்கம். கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் பைதனை எழுதத் தொடங்கி, 1991 பெப்ரவரியில் முதல் தடவை வெளியே விட்டபோது இன்ஸ்டோலர் எண்டு ஒன்றுமே இருக்கவில்லை. யூஸ்நெட் எனப்பட்ட அந்தக் காலத்துச் செய்திக் குழு ஒன்றில் மூலநிரலை 21 துண்டாகப் பிரித்து அனுப்பினார். துண்டுகளை ஒட்டி, தங்கட கணனியில் கட்டி எடுத்தவர்கள்தான் பைதனின் முதல் பாவனையாளர்கள். பிழை கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பத் தொடங்கினதும் அப்படிப்பட்ட ஆட்கள்தான். கோட் கையில இருந்தபடியால்தான் அவர்களால் திருத்த முடிஞ்சுது.

"ஏன் மச்சான் இந்தக் கரைச்சல்? ரெண்டு நிமிசத்தில போடுறதை ரெண்டு மணித்தியாலம் இழுக்கிறதில என்ன லாபம்?" எண்டு நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்குது. நியாயமான கேள்வி. ஒரு சோதனைக்கோ வேலைக்கோ பைதன் உடனே வேண்டும் எண்டால் தயாராக இருக்கிற பொதியைப் போடுங்கள். அதுதான் சரி. பொதியாகப் போட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும். நீங்களே கட்டினதுக்கு அப்படி வராது, புதுப் பதிப்பு வந்தால் திரும்பவும் நீங்கள்தான் கட்ட வேண்டும். இதை மறைத்து ஒரு கதை சொல்ல நாங்கள் விரும்பவில்லை. நாங்கள் கேட்பது படிப்புக்காக ஒரு நாள்.

இறக்கக்கண்டியில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. கடலுக்குப் போகிற ஆள் போட் இன்ஜினைத் தானே செய்வதில்லை, கடையில்தான் வாங்குகிறார். ஆனாலும் நடுக்கடலில் இன்ஜின் நின்றால் மூடியைக் கழட்டி, பிளக்கைத் துடைத்துப் போட அவருக்குத் தெரியும். தெரியாமல் ஒருத்தரும் போட்டைத் தள்ளுவதில்லை. கணனி விசயத்தில் மட்டும் ஏன் மூடியைத் தொடாமலே கரை சேரலாம் எண்டு நினைக்கிறோம்?

சரி, கட்டுகிற நாளில் என்ன நடக்கும்? லினக்ஸ் போட்ட ஒரு பழைய லப்டொப் போதும். ஜிசிசி எனப்படுகிற சி மொழிமாற்றியும், உபுண்டு போன்றவற்றில் பில்ட் எசென்ஷியல் எண்ட பெயரில் கிடைக்கிற கருவிகளும் வேண்டும். இவை மூலநிரலை விடப் பெரிசு, ஆனால் ஒரு தரம் இறக்கினால் போதும். பிறகு மூன்று படிகள். முதலாவது கன்ஃபிகர், இரண்டாவது மேக், மூன்றாவது இன்ஸ்டோல்.

கன்ஃபிகர் எண்ட கட்டளையை ஓடவிட்டால் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். பயப்படாதீங்கோ. அது உங்கட மெசினிடம் கேள்வி கேட்குது. உன்னட்ட சி மொழிமாற்றி இருக்கா? எத்தனை பிற் மெசின்? இந்த நூலகம் இருக்கா, அந்தத் தலைப்புக் கோப்பு இருக்கா? ஓம், இல்லை, ஓம், ஓம், இல்லை. உங்கட கணனியைப் பற்றி இவ்வளவு கேள்வியை வேற ஆரும் கேட்டிருக்க மாட்டார்கள். ப்ரீஃபிக்ஸ் எண்ட தெரிவில் உங்கட சொந்த ஃபோல்டரைக் கொடுத்தால் எல்லாம் அதுக்குள்ளேயே போய் இருக்கும். நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை, கணனியில் ஏற்கெனவே இருக்கிற பைதனும் கெடாது. பிடிக்காவிட்டால் அந்த ஃபோல்டரை அழித்தால் முடிஞ்சுது.

மேக் எண்டது 1976-இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதின கருவி. எந்தக் கோப்பு எந்தக் கோப்பில் தங்கியிருக்கு, எது எப்போது மாறினது எண்டு நேரத்தைப் பார்த்து, கட்ட வேண்டியதை மட்டும் கட்டும். 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு நாளில் கட்டுமானம் பாதியில் நின்றாலும் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. கரண்ட் வந்த பிறகு திரும்ப மேக் எண்டு அடித்தால், முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். வெட்டுப்பட்ட நேரம் பாதி எழுதுப்பட்ட கோப்பு ஏதும் கரைச்சல் தந்தால் மாத்திரம் மேக் கிளீன் போட்டு முதலில் இருந்து கட்டலாம்.

முடிவில் அது ஒரு பட்டியலையும் தரும். தேவையான பொருள் கிடைக்காததால் இந்த இந்தப் பகுதிகளைக் கட்டவில்லை எண்டு. கனபேர் இதை வாசிக்காமல் விட்டுவிடுவார்கள். ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் அபிவிருத்திக் கோப்புகள் உங்கட கணனியில் இல்லையென்றால் எஸ்எஸ்எல் பகுதி அந்தப் பட்டியலில் நிற்கும். அப்படியே நிறுவினால் பைதன் ஓடும், கணக்குச் செய்யும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் பிப் மூலம் இணையத்தில் இருந்து ஒரு பொதியும் இறக்க ஏலாது. ஏன் எண்டால் பாதுகாப்பான இணைப்புக்கு அந்தப் பகுதி வேண்டும். இன்ஸ்டோலரைத் தட்டின ஆளுக்கு எஸ்எஸ்எல் எண்டு ஒன்று இருப்பதே தெரிய வராது. கட்டின ஆளுக்கு, பைதன் எண்ட பெயருக்குப் பின்னால் வேற எத்தனை பேருடைய உழைப்பு இருக்கு எண்டு விளங்கும்.

கடைசிப் படியில் ஒரு கவனம். வெறும் இன்ஸ்டோலுக்குப் பதிலாக ஆல்ட்இன்ஸ்டோல் எண்டு கொடுங்கள். அப்போது பதிப்பு எண்ணோடு தனிப் பெயரில் நிறுவப்படும், பழையதை மறைக்காது. இதால் ஒரே கணனியில் நாலு பைதன் வைத்திருக்கலாம். இது வீண் ஆடம்பரம் இல்லை. பைதன் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் திகதியோடு முடிந்தது. 2023-இல் வந்த 3.12 பதிப்பில் பழைய பொதிகள் பல நம்பியிருந்த ஒரு பகுதியையே எடுத்துவிட்டார்கள். அஞ்சு வருசத்துக்கு முந்தி ஆரோ தமிழுக்காக எழுதி வைத்த ஒரு செயலி இண்டைக்கு ஓடாமல் போனால், அது எழுதப்பட்ட காலத்துப் பைதனைக் கட்டி அதில் ஓடவிடலாம். தமிழ் மென்பொருள்களில் கன விசயம் ஒரு ஆள், ரெண்டு ஆள் செய்து, பிறகு நேரமில்லாமல் நின்று போனவைதான். அவற்றை உயிரோடு வைத்திருக்க இந்தக் கைவேலை தேவை.

இப்போது மேலே ஏனென்று சொல்கிறோம் எண்ட விசயத்துக்கு வருவோம். தமிழ் மொழிமூலம் படிக்கிற ஒரு பிள்ளை பைதனில் ஒரு மாறியின் பெயரைப் பிழையாக அடித்தால் என்ன வரும்? இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை எண்டு ஒரு ஆங்கில வசனம். பாடம் தமிழில், புத்தகம் தமிழில், பிழைச் செய்தி ஆங்கிலத்தில். பைதன் 3 வந்த 2008-இல் இருந்து மாறிகளுக்கும் செயற்பாடுகளுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். வயது, மொத்தம், சராசரி எண்டு நேரடியாகவே எழுதலாம், ஓடும். ஆனால் பிழைச் செய்தி தமிழ் பேசாது.

இன்ஸ்டோலர் ஆளுக்கு இது விதி. மூலநிரல் ஆளுக்கு இது சி மொழியில் எழுதப்பட்ட ஒரு வரி. தேடினால் கிடைக்கும். அந்த வசனத்தை அழித்துவிட்டுத் தமிழில் எழுதித் திரும்பக் கட்டினால் போச்சு எண்டு நினைப்பீர்கள். அங்கேதான் ஒரு சுவர் இருக்கு. பிழைச் செய்தியின் வார்ப்பு வசனத்தை எடுத்து வடிவமைக்கிற உள்செயற்பாடு ஆஸ்கி எழுத்துகளை மட்டும்தான் ஏற்கும். ஆங்கில எழுத்தும் இலக்கமும் சில குறிகளும் மட்டும். தமிழ் எழுத்தை நேரே வைத்தால் மறுத்துவிடும். தமிழ் வசனத்தைத் தனியே எடுத்து, அந்த வார்ப்புக்குள் செருகுகிற மதிப்பாகக் கொடுக்க வேண்டும். அப்போது ஏற்றுக்கொள்ளும்.

இது சின்ன நுட்ப விசயம் மாதிரித் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தமிழ் எங்கே உள்ளுக்கு வரலாம், எங்கே வாசலில் நிற்க வேண்டும் எண்டது ஆரோ ஒருத்தர் எழுதின ஒரு வரியில் தீர்மானிக்கப்பட்டிருக்கு. கெட்ட எண்ணத்தில் எழுதினது எண்டு நாங்கள் சொல்லவில்லை. அந்த வரியை எழுதினவருக்கு எங்கட பிள்ளையின் பிழைச் செய்தி நினைவில் வர ஒரு காரணமும் இல்லை. அது எங்களுக்குத்தான் நினைவில் வர வேண்டும். "கணனியில் தமிழ் இல்லை" எண்டு மேடையில் கவலைப்படுவதை விட, எந்தக் கோப்பில் எந்த வரி எண்டு காட்டக்கூடிய ஒரு ஆள் எங்களுக்குப் பிரயோசனம்.

இதே விசயத்தை இன்னும் இலேசாகத் தொட்டுப் பார்க்க எழில் இருக்கு. முத்தையா அண்ணாமலை 2007-இன் கடைசியில் தொடங்கி 2009-இல் அறிவித்த தமிழ் நிரல்மொழி. பைதனின் மேல் கட்டப்பட்டது, மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. திரையில் காட்ட பதிப்பி, செயற்பாட்டுக்கு நிரல்பாகம், விடையைத் திருப்பி அனுப்ப பின்கொடு, முடிக்க முடி. இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் நிபந்தனை எழுதுகிற முறை. ஆங்கில மொழிகளில் முதலில் இஃப் வரும், பிறகு நிபந்தனை. எழிலில் நிபந்தனையை எழுதிவிட்டு அதுக்குப் பிறகுதான் ஆனால் எண்டு போட வேண்டும். நாங்கள் கதைக்கிற ஒழுங்கும் அதுதானே. மழை பெய்தால் எண்டுதான் சொல்கிறோம், ஆல் மழை பெய் எண்டு சொல்கிறதில்லை.

ஆனால் அந்தச் சொற்கள் தமிழ்நாட்டுக் காதுக்கு ஏற்றபடி வந்தவை. எங்கட பாடப்புத்தகம் செய்நிரல் எண்டு சொல்லும், அங்கே நிரல் எண்டு சொல்வார்கள். கணினியா கணனியா எண்டு நாங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறோம். பதிப்பி எண்டதுக்குப் பதிலாகக் காட்டு எண்டு இருந்தால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு உடனே விளங்கும் எண்டு உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் மாற்றலாம். எழில் தன் சொற்களை அடையாளம் காண்கிற கோப்பைத் திறந்தால் பதிப்பி எண்ட சொல் தமிழ் எழுத்திலேயே கண்ணுக்கு முன்னால் நிற்கும். மாற்றிச் சேமித்து ஓடவிட்டுப் பாருங்கள். கலைச்சொல் பற்றி வருசக்கணக்காக முகநூலில் நடக்கிற விவாதத்தை, ஒரு பின்னேரத்தில் பிள்ளைகளிடம் பரீட்சித்துப் பார்க்கலாம். எந்தச் சொல் கெதியில் பிடிபடுகிறதோ அது நல்ல சொல்.

இதெல்லாம் பெரிய நாட்டு ஆட்களுக்குச் சரி, எங்களால் ஏலுமோ எண்டு கேட்கிறவர்களுக்கு இந்தத் தீவிலேயே இரண்டு உதாரணம் இருக்கு. 2004 டிசம்பர் 26, எங்கட கரையையும் அடித்த அந்த அலைக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து வைக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. கொழும்பில் தொண்டர்களாகச் சேர்ந்த நிரலாளர்கள் அதை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் எண்டு பொருள்படுகிற சஹன எண்ட பெயர் வைத்தார்கள். திறந்த மூலமாக வெளியே விட்டதால் 2005-இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அதே மென்பொருளை எடுத்துப் பாவித்தார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006-ஆம் ஆண்டு விருது அதுக்குக் கிடைத்தது. இரண்டாவது பலரீனா. டபிள்யூஎஸ்ஓ2 எண்ட இலங்கை நிறுவனத்தில் பிறந்த நிரல்மொழி, 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது. அதன் மூலநிரலும் திறந்ததுதான். ஒரு முழு நிரல்மொழி இந்த நாட்டில் எழுதப்பட்டிருக்கு எண்டதே எங்களில் பலருக்குத் தெரியாது. கொழும்பில் இருக்கிறவர் எழுதலாம் எண்டால் களப்புக் கரையில் இருக்கிறவர் குறைந்தது கட்டிப் பார்க்கலாம், வாசிக்கலாம்.

மூலநிரலில் இருந்து கட்டினால் பாதுகாப்புத் தானாக வந்துவிடும் எண்டு மட்டும் ஆரும் சொன்னால் நம்பாதீங்கோ. யுனிக்ஸ் எழுதின கென் தொம்சன், 1984-இல் வெளியான தன் டியூரிங் விருது உரையில் ஒரு பயங்கரமான விசயத்தைக் காட்டினார். மூலநிரல் முழுக்கச் சுத்தமாக இருக்க, அதை மாற்றுகிற மொழிமாற்றிக்குள்ளேயே கள்ளக் கதவை ஒளித்து வைக்கலாம். அந்த மொழிமாற்றி தன்னைத் தானே திரும்பக் கட்டும்போதும் கதவு கூடவே போகும். இது வெறும் கற்பனைப் பிரச்சினையும் இல்லை. நாங்கள் சாதாரண தரத்தில் படிக்கிற ஃப்ரீ பஸ்காலே பஸ்காலில் எழுதப்பட்டதுதான். அதைக் கட்ட ஏற்கெனவே கட்டப்பட்ட ஒரு ஃப்ரீ பஸ்கால் வேண்டும். கோழியா முட்டையா கதை. எங்கேயோ ஒரு இடத்தில் ஆரையோ நம்பித்தான் தொடங்க வேண்டியிருக்கு.

2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் எண்ட சுருக்கற்கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு பிடிபட்டதும் இப்படித்தான். எல்லாரும் பார்க்கிற களஞ்சியத்தில் இல்லாத ஒரு துண்டு, இறக்குவதற்கு வைத்த சுருக்கிய கோப்பில் மட்டும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். தன்ட கணனியில் உள்நுழைய வழமையை விட அரைச் செக்கன் கூட எடுக்குது எண்டு கவனித்து, ஏன் எண்டு தோண்டிக்கொண்டே போனார். அரைச் செக்கன்தானே எண்டு விட்டிருந்தால் அது இன்னும் எத்தனை கணனிக்குள்ள போயிருக்கும்! ஆகவே கோப்பை இறக்கினால் தளத்தில் தந்திருக்கிற சரிபார்ப்புக் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு இந்தக் கதையில் இருந்து நாங்கள் எடுக்க வேண்டிய பாடம் இன்னொன்று. உள்ளுக்குள்ள என்ன நடக்குது எண்டு கேட்கிற பழக்கம் உள்ள ஒரே ஒரு ஆள் உலகத்துக்கே உதவினார். அந்தப் பழக்கம் நெக்ஸ்ட் நெக்ஸ்டில் வராது.

பாடசாலை ஆசிரியர்களிடம் எங்கட கோரிக்கை ஒன்றுதான். உயர்தர மாணவர்களுக்கு ஒரு செய்முறை வகுப்பை இதுக்கு ஒதுக்குங்கள், சேர். சோதனையில் புள்ளி வராது, தெரியும். ஆனால் மொழிமாற்றி, இணைப்பி, நூலகம் எண்டு பாடமாக்கி எழுதுகிற சொற்கள் எல்லாம் அந்த ஒரு வகுப்பில் கண்ணுக்கு முன்னால் வேலை செய்யும்.

எங்களைப் போன்ற இளைஞர் குழுக்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஒரு பென் ட்ரைவில் பைதன் மூலநிரல், எழில் மூலநிரல், தேவையான கருவிப் பொதிகள் எல்லாவற்றையும் ஒரு தரம் இறக்கி வையுங்கள். ஒரு ஆளின் டேட்டாவில் ஊர் முழுக்கக் கட்டலாம். ஒவ்வொரு மெசினிலும் என்ன இல்லையெண்டு கன்ஃபிகர் சொன்னது, எங்கே நின்றது, எப்படித் தீர்த்தீர்கள் எண்டு தமிழில் எழுதி வையுங்கள். கணியம் குழுவினர் 2012-இல் இருந்து லினக்ஸ், பைதன் பற்றியெல்லாம் தமிழில் எழுதி இலவசமாகத் தருகிறார்கள். அந்த வரிசையில் எங்கட பழைய லப்டொப்புகளின் அனுபவமும் சேரட்டும். அடுத்த பிள்ளை தேடும்போது ஆங்கிலத்தில் மட்டும் பதில் கிடைக்கிற நிலை கொஞ்சமாவது மாறும்.

இந்த விடுமுறைக்கு ஒரு சனிக்கிழமை போதும். காலமை கன்ஃபிகர் ஓடவிட்டு, மேக் ஓடுகிற நேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், பின்னேரம் பிழைச் செய்தியைத் தமிழில் மாற்றத் தொடங்கலாம்.